காய்ந்த துணி

கறுப்பு எடுக்காதீங்க மேடம் என்றான்
பைபாஸ் ரோடு ஷோரூம் பையன்.
நம்மூர் வெயிலை அப்படியே குடிக்கும்,
ஒரு பொட்டுத் தூசு ஒட்டினாலும் ஊருக்கே தெரியும்,
கழுவிக்கிட்டே இருக்கணும்.
எனக்கு இது புதுசில்லை.
கடலைமாவோடும் கஸ்தூரி மஞ்சளோடும்
என் தோலைப் பற்றி இதையேதான் சொன்னார்கள்
பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு.
கறுப்பே கொடுங்கள் என்றேன்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்,
நிறத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத
இன்னொரு தோல் உண்டென்று,
தலைமுடியைவிட மெல்லிசாக.
கீறல் எல்லாம் முதலில் அதில்தான்.

ஞாயிறு, ஆறரைக்குள்.
வெயில் காம்பவுண்டுச் சுவர் ஏறிவிட்டால்
அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.
இரண்டு வாளி: ஒன்றில் நுரை,
ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர்.
கூரையில் தொடங்கிக் கீழே.
தரையில் விழுந்த துணி
மறுபடி காரைத் தொடக் கூடாது.
கே.கே. நகர் போர் தண்ணீர் உப்பு,
ஒரு சொட்டு காய்ந்தால்
வெள்ளை வளையம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.
அதனால் கடைசி அலசலுக்கு
கார்ப்பரேஷன் தண்ணீர் இரண்டு குடம்.
'குடிக்கிற தண்ணிய காருக்கு ஊத்துறா'
என்று இரண்டாவது மாடி பால்கனி சொல்லும்.
சொல்லட்டும்.
துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்,
காய்ச்சல்காரன் நெற்றியை ஒற்றுகிற மாதிரி.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தும்
ஒரு ராத்திரி ஒத்தக்கடை பெட்ரோல் பங்க் விளக்கடியில்
காற்றடிக்க இறங்கியபோது கண்டேன்.
சிலந்தி வலை.
பானெட்டில் கொஞ்சம், டிக்கியில் நிறைய.
ஊசிக்கீறல்கள் வட்டம் வட்டமாய்
விளக்கைச் சுற்றிக்கொண்டு நின்றன.

மொக்கச்சாமிதான்.
ராக்காவல், செக்கானூரணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.
விடியுமுன்னே தன் பழைய பனியனால்,
காய்ந்த துணியால் காய்ந்த தூசை,
சுற்றிச் சுற்றி,
யாரும் சொல்லாமல், காசு கேட்காமல்.

'மேலூர்ப் பக்கம் கல்லறுக்கிற தூசுண்ணே,
கண்ணாடித் தூள் மாதிரி.
தண்ணி ஊத்தாம தொடைக்க வேணாம்' என்றேன்.
எவ்வளவு பதமாகச் சொன்னாலும்
அது கையைத் தட்டிவிடுகிற பேச்சுதான்.
'சரித்தா' என்றார்.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து
யாரும் வராத கேட்டைத் திறக்கப் போனார்.

திங்கட்கிழமை தூசு.
செவ்வாய், தூசின் மேல் புங்கம்பூ.
புதன், பானெட்டில் ஒரு பூனை
ஏறி, யோசித்து, இறங்கிய தடம்.
வியாழன் காலை டிக்கியில்
விரலால் எழுதியிருந்தது.
நாலெழுத்து.
தனியாக இருக்கிற பெண்ணுக்கென்று
எல்லாரும் கைவசம் வைத்திருக்கிற சொல்.
பிழையில்லை, புள்ளிகூட உரிய இடத்தில்.
நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

எத்தனை விடியல் என்று
கீறல்களை வைத்து எண்ணப் பார்த்தேன்.
முடியவில்லை.

இரண்டு வாளியும் மாடியில் இருந்தன.
விதிகள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன.
துப்பட்டா நுனியைச் சுருட்டி
காய்ந்தது காய்ந்தபடியே
அழுத்தித் தேய்த்தேன்,
வட்டமாய், வட்டமாய்.
கேட்டருகே மொக்கச்சாமி
ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று
ஒரு பீடிக்கு மூன்று தீக்குச்சி செலவழித்தார்.

அன்றிரவு
அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தேன்,
நிறைய நல்ல தண்ணீர்,
விளிம்பில் புது மைக்ரோஃபைபர் துணி.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் வாளி காலி.
புதுத்துணி மடித்தது மடித்தபடி,
பக்கத்தில் கொடியில் ஈரப் பனியன்.
கார் முழுக்கத் தூசு,
பூனைத் தடம்கூட அப்படியே.
டிக்கி மட்டும் பளபளவென்று.